ஸ்டெல்லாவின் செவ்வாய்க்கிழமை

“ஆளுக்கு ஒரு தப்பு சொல்லுங்கக்கா” என்றார் தம்பி சார்.

மாடியில் ஒரே அறை. பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய பெஞ்சுகளில் பதினோரு நர்சுகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கீழே பழக்கடையில் பலாப்பழம் அறுத்திருந்தார்கள். அந்த வாசனை படியேறி வந்து வகுப்பிலேயே தங்கிவிட்டது. காலை ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போனவர்கள் நாங்கள். டியூட்டி முடிந்து வந்த அந்த நேரத்தில் பலாச்சுளையைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறாது.

“வேலையில நீங்க பண்ணுன தப்பு. இன்டர்வியூல கண்டிப்பாக் கேப்பாங்க. அதைப் பாஸ்ட் டென்ஸ்ல தெளிவாச் சொல்லணும்.”

எல்லாரும் குனிந்து நோட்டைப் பார்த்தோம்.

“நாங்க தப்பே பண்ணதில்லையே சார்” என்றாள் ஜெயா. எல்லாரும் சிரித்தோம். ஜெயா அப்படித்தான், எந்த இடத்திலும் முதலில் வாயைத் திறப்பாள்.

சிரிப்பு அடங்கும்போது என் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. ஸ்டெல்லா எழுந்து நின்றிருந்தாள்.

“நான் பண்ணியிருக்கேன் சார்” என்றாள்.

தம்பி சார்

போன வாரம் இந்தத் தொடரில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, அதே ஹாஸ்டலில் இருந்த மூன்று பேர் போன் செய்து, சாம்பார் அவ்வளவு மோசமில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கு நாக்கில் ஏதோ கோளாறு. இந்த வாரம் சாப்பாட்டு விஷயம் கிடையாது, இங்கிலீஷ் படித்த விஷயம். யாரும் போன் செய்ய வேண்டாம்.

அப்போது நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். ஸ்டெல்லா அதே இடத்தில் கீழ்த்தளத்தில், ஆண்கள் சர்ஜரி வார்டு. ஜெயா ஐ.சி.யூ. மூவருக்கும் முப்பது தாண்டிவிட்டது. இங்கிலாந்துக்கு நர்சுகள் எடுக்கிறார்கள், திருச்சியில் இன்டர்வியூ என்று பேச்சு கிளம்பியதும் மூவரும் ஒன்றாகப் போய் பஸ் ஸ்டாண்டு பக்கத்து வகுப்பில் சேர்ந்தோம்.

சொல்லிக்கொடுப்பவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். சார் என்று கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை, தம்பி என்று கூப்பிட்டால் மரியாதை இல்லை. ஆகவே தம்பி சார். அவர் பதிலுக்கு எங்களை அக்கா என்பார். எந்த வெளிநாட்டையும் பார்த்ததில்லை, திருச்சி ஏர்போர்ட்டுக்கு வழியனுப்பப் போனதோடு சரி. ஆனால் இங்கிலீஷை எங்கள் மண்டைக்குள் ஏற்றியவர் அவர்தான்.

நர்சுகள் நர்சிங் படிக்கும்போதிருந்தே இங்கிலீஷில்தான் எழுதுகிறார்கள் என்று வெளியார் நினைப்பார்கள். எழுதுவோம், வாக்கியமாக இல்லை. சார்ட்டில் ‘இன்ஜெக்‌ஷன் கிவன்’, ‘டாக்டர் இன்ஃபார்ம்டு’, அவ்வளவுதான். யார் போட்டார்கள், யார் சொன்னார்கள் என்பது அதில் வராது. கையெழுத்தும் கோழி கிளறியது மாதிரி இருக்கும். பத்து வருஷம் அப்படி எழுதிய கைக்கு ‘ஐ’ என்று ஆரம்பிப்பதே பெரிய பாடாக இருந்தது.

“டிட் வந்து உக்காந்துட்டா வெர்ப் எந்திரிச்சுப் பழையபடி ஆயிரணும்க்கா. ‘டிட் நாட் வெண்ட்’ கிடையாது. ‘டிட் நாட் கோ’.”

கீரமங்கலம் பள்ளியில் பன்னிரண்டு வருஷமும் நான் ‘டிட் நாட் வெண்ட்’ என்றுதான் எழுதினேன். யாரும் தடுக்கவில்லை. கைடில் இருந்ததை அப்படியே ஒப்பித்தவரை மார்க் வந்தது. சொந்தமாக ஒரு வரி எழுதினால் அதில்தான் சிவப்பு மை.

‘ஹேட்’ என்றால் எங்கள் எல்லாருக்கும் பயம். தம்பி சார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். “டாக்டர் வந்தாரு. அதுக்கு முந்தியே நீங்க சுகர் பாத்துட்டீங்க. ரெண்டும் முடிஞ்சுபோச்சு. அதுல எது முந்தின ஷிஃப்ட்டு? அதுக்கு ஹேட் போடுங்க.” ஷிஃப்ட் என்றதும் பதினோரு பேருக்கும் புரிந்துவிட்டது. இன்றைக்கும் நான் அந்த வார்த்தையை எழுதும்போது மனசுக்குள் டியூட்டி மாற்றிக்கொள்கிறேன்.

ஏழாம் நம்பர் கட்டில்

ஸ்டெல்லா நின்றுகொண்டே சொன்னாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். காலங்கள் எல்லாம் தாறுமாறாக இருந்தன.

அவள் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு முருகேசன். ஆறாம் நம்பருக்குச் சர்க்கரை வியாதி. ஏழாம் நம்பர் ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயி, குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர், சர்க்கரை கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறாம் நம்பருக்குப் போகவேண்டிய சர்க்கரை மாத்திரையை இவள் ஏழாம் நம்பருக்குக் கொடுத்துவிட்டாள். பத்து நிமிஷம் கழித்துக் கையெழுத்துப் போடும்போது தெரிந்தது.

உடனே டாக்டரிடம் ஓடினாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மணிக்கொரு தடவை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை, சாயங்காலம் வரை அந்தக் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அதற்கும் மேலே ஒன்று செய்தாள். அந்த மனிதரிடமே போய், தப்பு மாத்திரை கொடுத்துவிட்டேன் என்று சொன்னாள்.

“நீ சொல்லலேன்னா எனக்குத் தெரியவா போவுது தாயி? எதுக்குச் சொன்னே?” என்று கேட்டாராம் அவர்.

“தலை சுத்துனா, வேர்த்தா நீங்க ஒடனே என்னையக் கூப்பிடணும்ல. அதுக்குத்தான் சொன்னேன்.”

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். ஸ்டெல்லாவுக்குத்தான் ஆனது. விளக்கக் கடிதம் வாங்கினார்கள். அதோடு விட்டிருக்கலாம். அன்றிலிருந்து அந்தத் தளத்தில் அவளுக்கு ‘மாத்திரை ஸ்டெல்லா’ என்று பெயர். வார்டு பாய்வரை அப்படித்தான் கூப்பிட்டான். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இன்சார்ஜ் சிஸ்டர் அவளைக் காட்டித்தான் பாடம் நடத்துவார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பெயரைச் சொல்லி நாங்களும் சிரித்திருக்கிறோம். முழுக்கதையை அன்றுதான் கேட்டோம்.

தம்பி சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“அக்கா, அங்கிட்டு இதைத்தான் எதிர்பாக்குறாங்க. தப்பை ஒத்துக்கிட்டு ஓடிப்போய்ச் சொல்ற ஆளு. இதுக்கே ஒங்கள எடுத்துருவாங்க.”

ஸ்டெல்லாவின் முகத்தை நான் பார்த்தேன். நாலு வருஷமாக எதைச் சொல்லி அவளைக் கேவலப்படுத்தினார்களோ, அதற்காகவே ஒரு ஊரில் அவளைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. எங்களுக்கெல்லாம் இங்கிலாந்து ஒரு ஆசை. அவளுக்கு அந்த வார்டை விட்டு வெளியேறக் கிடைத்த ஒரே வழி.

தம்பி சார் அவள் சொன்னதை நல்ல இங்கிலீஷாக்கிக் கரும்பலகை முழுக்க எழுதினார். ‘இட் வாஸ் எ டியூஸ்டே மார்னிங்’ என்று ஆரம்பம். எங்கள் வழக்கப்படி பதினோரு பேரும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டோம். மாடல் ஆன்சர் என்று ஒன்று இருந்தால் எழுதிக்கொள்ளாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது.

“இதைப் பாத்து ஒங்க சொந்தத் தப்பை எழுதிட்டு வாங்க. இதையே ஒப்பிச்சிராதீங்க” என்றார். எல்லாரும் தலையாட்டினோம்.

அவித்த கடலையும் ஆவூர் பஸ்ஸும்

ஸ்டெல்லாவுக்கு ஊர் ஆவூர். அங்கிட்டுப் போகும் பஸ் எப்போதாவதுதான் வரும். எனக்கு ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் பஸ் வந்துகொண்டே இருக்கும். அவளுக்குத் துணையாக நான் இரண்டு பஸ்ஸை விட்டுவிடுவேன். அவித்த கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்போம். அவள் சொல்லுவாள், நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு திருத்துவேன்.

“ஐ டிட் நாட் செக்கிடு தி நேம்…”

நான் கையில் கிள்ளுவேன். “செக்.”

“ஐ டிட் நாட் செக் தி நேம். மாதாவே, இந்த டிட் என் உசிரை வாங்குதுடி.”

கண்டக்டர்கள் எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவர் ஒருநாள், “என்ன சிஸ்டர், லண்டன் வண்டி இன்னும் வரலியா?” என்று கேட்டார். “வருது, அது நிக்க எடம் வேணும்ல, நீங்க வண்டிய எடுங்க” என்றாள் ஸ்டெல்லா. எனக்குக் கடலை மூக்கில் ஏறிவிட்டது. என் வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்த இடம் எது என்று கேட்டால், அந்தத் தூணுக்குப் பக்கத்து இடத்தைத்தான் சொல்லுவேன். டீசல் புகையும் கடலைத் தொலியுமாகக் கிடக்கும் அந்த இடத்தை இப்போது கடந்துபோனாலும் தூணைத் திரும்பிப் பார்க்காமல் போவதில்லை.

இருபது நாளில் அந்தக் கதை எனக்கு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் ஆகிவிட்டது. அவளுக்கு ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் நடுவில் தடுமாறுவாள். நடந்தது அவளுக்கு. அதனால் சொல்லச் சொல்ல அந்த வார்டுக்கே போய்விடுவாள். எனக்கு அது வெறும் பாடம்.

என் சொந்தத் தப்பு என்ன என்று கேட்பீர்கள். நோட்டில் ஒன்று எழுதி வைத்திருந்தேன், முழுப்பொய். உண்மையில் நான் செய்த தப்புகள் ஏராளம். அவற்றை நான் சார்ட்டில்கூட எழுதியதில்லை. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டு நல்ல பெயரோடு இருந்தேன்.

திருச்சி

இன்டர்வியூ ஒரு ஹோட்டலில். ஏ.சி. குளிரில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். டோக்கன் கொடுத்தார்கள். முதலில் நான், அடுத்து ஜெயா, அதற்கடுத்து ஸ்டெல்லா.

உள்ளே நரைத்த தலையுடன் ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் ஒரு மலையாளி அதிகாரி. பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீங்கள் வேலையில் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

நான் எழுதி வைத்திருந்த பொய் மறந்துபோனது. முதல் வார்த்தைகூட வரவில்லை. அந்த அம்மா காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் ஓடியது. என் வாய் திறந்தது.

“இட் வாஸ் எ டியூஸ்டே மார்னிங்.”

முதல் வரி தடுமாற்றத்தில் வாய்தவறி வந்தது என்று சாக்குச் சொல்லலாம். இரண்டாவது வரியில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தண்ணீராக வந்தது. டிட், வாஸ், ஹேட் எல்லாம் அதது இடத்தில் உட்கார்ந்தன. முருகேசன் சொன்னதையும், ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அந்த இடத்தில் என் குரல் கம்மியது என்பதுதான் கொடுமை.

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நீங்கள் மிகவும் நேர்மையானவர் என்றார்.

நான் தேங்க்யூ சொன்னேன்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். ஜெயா போய் வந்தாள், “சுமாராப் போச்சுடி” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கக் கிளம்பினாள். ஸ்டெல்லா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

“நாலு வரி சொன்னேன் புவனா. அந்தம்மா கையக் காட்டி நிறுத்திட்டாங்க. இதே கதைய இன்னைக்கு ஏற்கெனவே கேட்டாச்சு, ஒங்க சொந்தக் கதையச் சொல்லுங்கன்றாங்க. இது என்னோடதுதான்னு சொல்ல வருது, வாயில இங்கிலீஷே வரல. அழுகைதான் வந்துச்சு. போகலாம்னுட்டாங்க.”

கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து உள்ளே போய் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். இங்கிலீஷ் தப்பாக இருந்தாலும் புரிந்திருக்கும். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “ஜெயாவாத்தான்டி இருக்கும். எனக்கு முந்தி அவதானே உள்ள போனா?”

“இருக்கும்டி” என்றேன்.

நான் போன பஸ், படித்த பாடம், சாப்பிட்ட சாம்பார் என்று பதினாறு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகக் கேவலமான வார்த்தை அது ஒன்றுதான்.

ஆவூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வேலை கிடைத்தது. போனேன். எட்டு வருஷம் இருந்தேன். அங்கே தப்பு நடந்தால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். ‘நான் செய்தேன்’ என்று ஆரம்பித்து நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும், அதற்காக யாரும் யாருக்கும் பட்டப்பெயர் வைப்பதில்லை. ஒவ்வொரு படிவத்திலும் எனக்கு அவள் ஞாபகம் வந்தது. அது அவள் வேலை செய்யவேண்டிய இடம். போனில் பேசும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். குளிர் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள், நானும் குளிரைப் பற்றிச் சொல்லி வைத்துவிடுவேன். அவள் அதற்குப் பிறகு எந்த இன்டர்வியூவுக்கும் போகவில்லை.

ஊரோடு திரும்பி வந்து இந்தத் தொடரை ஆரம்பித்த பிறகு, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவூருக்குப் போனேன். பூசை முடிந்து வந்து ஸ்டெல்லா கறி வதக்கிக்கொண்டிருந்தாள். இஞ்சி பூண்டு வாசனை தெருமுனைக்கே வந்தது.

“வாடி எழுத்தாளரு. ஒன் தொடரைப் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லா எழுதுற, கொஞ்சம் கூடவே போட்டு எழுதுற” என்றாள்.

நான் உட்காரவில்லை. சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றபடியே சொல்லிவிட்டேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

“அன்னைக்கு நான் ஒன்கிட்ட ஜெயாவான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?”

“ஸ்டெல்லா…”

“என்ன சொன்ன? சொல்லு.”

“இருக்கும்டின்னு சொன்னேன்.”

“இத்தனை வருசமா அவ எதுக்க வந்தா நான் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன் புவனா. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே படிக்கட்டு. என்ன தப்பு பண்ணேன்னு அவ ரெண்டு தடவை வந்து கேட்டா, பதில் சொல்லல. மக சடங்குக்குப் பத்திரிகை வச்சா, போகல. அவ அழுதுக்கிட்டே போனதை நான் கண்ணால பாத்தேன்.”

என்னை மன்னித்துவிடு என்றேன். வேறு என்ன சொல்ல?

“மாட்டேன்” என்றாள். குரல் ஏறவே இல்லை. “மன்னிச்சுட்டேன்னு சொன்னா நீ கறிச்சோறு தின்னுட்டு நிம்மதியாப் போயிருவ. அதை நான் சொல்றதா இல்ல.”

கறிச்சட்டியை இறக்கி மூடிவைத்தாள். பிறகு அவளே பேசினாள்.

“எழுதுறேல்ல. இதையும் எழுது. ஒன் தொடர் வர்ற வாரப் புத்தகத்தை ஜெயாவும் வாங்குறா. என் பேரை மாத்தாத. மாத்திரை ஸ்டெல்லான்னே போடு. யாரு என்ன செஞ்சான்னு ஒண்ணுவிடாம எழுது. அது அச்சுல வந்தப்புறம் இங்கிட்டு வா, பேசலாம்.”

எழுதுகிறேன்.

அந்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தவள் ஸ்டெல்லா. பத்தே நிமிஷத்தில் டாக்டரிடம் ஓடியவள் ஸ்டெல்லா. சாயங்காலம் வரை வீட்டுக்குப் போகாமல் காவல் இருந்தவளும், அந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னவளும் அவள்தான். அதைத் திருச்சியில் தன் கதையாகச் சொல்லி வேலை வாங்கியவள் நான். ஜெயா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அவள் பேரில் பழி விழுந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஆமோதித்தவளும் நான்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் மாடியில் பிரசவ வார்டில் இருந்தேன். கீழே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது.